டிரான்ஸ்பார்மர் சுவரோரம் பதினான்கு வருஷம்

எண்பத்திரண்டாம் வருஷம் கோடை முடிகிற சமயம். எனக்கு முகம் வற்றிக்கொண்டே வந்தது, வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே போனது. சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கும். கீழ்ப் பொத்தானைப் போட முடியாது. இடது விலாவுக்குக் கீழே ஒரு கனம். சாப்பிட உட்கார்ந்தால் நாலு வாய் உள்ளே போவதற்குள் போதும் என்றாகிவிடும். காலையில் எழுந்தால் தலையணை உறை நனைந்திருக்கும்.

"கட்டி கிட்டி இருக்கப்போவுதுங்க. நல்ல டாக்டரா பாருங்க" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

"கேபிள் தூக்குன சுளுக்கு. எண்ணெய் தேய்ச்சா சரியாயிடும்" என்றேன்.

நான் எலக்ட்ரீஷியன். பெயர் அந்தோணிசாமி. அப்போது வயது நாற்பத்து மூன்று. வீடு திருச்சி மேலப்புதூரில். ஸ்டெல்லா அங்கேயே ஆரம்பப் பள்ளியில் டீச்சர். ஒரே மகள் லீனா, பத்தாம் வகுப்பு. எனக்கு வேலை ஊருக்கு வெளியே, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போகவேண்டிய சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில். பூமியைக் குடைந்து இறங்குகிற சுரங்கம் அல்ல. மேலிருந்து படிபடியாக வெட்டிக்கொண்டே போன பெரும்பள்ளம். கல்லை அள்ளும் ராட்சத ஷவலும், அதை உடைக்கும் கிரஷரும் மின்சாரத்தில் ஓடின. அவ்வளவுக்கும் கரண்ட் ஒரே கட்டடத்தின் வழியாகத்தான் போகும். அதைக் 'கரண்ட் ரூம்' என்போம். ஷவல் நகர்ந்தால் கேபிளை நகர்த்த ஆட்களோடு நானும் போவேன். மற்ற நேரமெல்லாம் அந்த அறையில் மேஜை முன்னால் உட்கார்ந்து மீட்டர்களைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஸ்விட்ச் விழுந்தால் காரணம் பார்த்துத் திரும்பப் போட வேண்டும். அறுபத்தெட்டிலிருந்து அந்த வேலை.

கம்பெனி டிஸ்பென்சரியில் ஜீரணத்துக்கு டானிக் கொடுத்தார்கள். இரண்டு பாட்டில் காலியானது. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முழந்தாளிட்டவனால் எழுந்திருக்க முடியவில்லை. லீனாதான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். மறுநாள் ஸ்டெல்லா பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு என்னைப் புத்தூருக்கு ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனாள்.

அந்த லேபில் வேலை பார்த்தவர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். வெளியே வந்து, "பேஷன்ட் யாருங்க?" என்று கேட்டார்.

"நான்தான்."

"நீங்களா? எப்படி வந்தீங்க?"

"பஸ்ல வந்து நடந்து வந்தோம்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னொரு தடவை ரத்தம் எடுத்துக்கறேங்க. நான் எண்ணினதுல தப்பு இருக்கும்போல."

தப்பு இல்லை. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் என்று உண்டு. நோய்க்கிருமி வந்தால் எதிர்க்கிற படை மாதிரி. ஒரு துளியளவில் பத்தாயிரத்துக்குள் இருக்க வேண்டியது எனக்கு மூன்று லட்சத்தைத் தொட்டிருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. சீட்டை ஒட்டி ஸ்டெல்லாவிடம் கொடுத்து, "இன்னிக்கே பெரிய டாக்டரைப் பாருங்கம்மா" என்றார்.

அன்று மாலையே புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டேன்.

என்னைப் பார்த்த டாக்டர் வசந்தாவுக்கு ஐம்பது வயது இருக்கும். அதிகம் பேசாதவர். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, பேனாவால் என் தோலின்மேல் ஒரு கோடு போட்டார். கோடு தொப்புளுக்குப் பக்கத்தில் முடிந்தது.

"இது மண்ணீரல். விலாவுக்குள்ள கை அளவுக்கு ஒளிஞ்சு கிடக்கணும். உங்களுக்கு இவ்வளவு தூரம் வந்திருக்கு. இரைப்பையை அழுத்துது. அதான் சாப்பிட முடியல" என்றார்.

மூன்றாம் நாள் எலும்பு மஜ்ஜை எடுத்தார்கள். ரத்தம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் உற்பத்தியாகிறது. அங்கேயே பார்த்தால்தான் நோய் பிடிபடும் என்றார்கள். நெஞ்சு நடுவில் மரத்துப்போக ஊசி போட்டு, அப்புறம் தடித்த ஊசி ஒன்றைத் திருகித் திருகி எலும்புக்குள் இறக்கினார்கள். இறக்கியபோது வலிக்கவில்லை. உறிஞ்சினபோது உயிரே ஊசி வழியாகப் போகிறமாதிரி இருந்தது. ஒரு கணம்தான். அதற்குள் நர்ஸின் கையை நான் நசுக்கிவிட்டேன். அவர், "பரவால்ல, எல்லாரும் பிடிக்கிறதுதான்" என்று சொல்லி விரல்களை உதறிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் ஸ்டெல்லாவைத் தனியாகக் கூப்பிட்டார். அவள் திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது முகம் கழுவியிருந்தாள். முன்நெற்றி முடி ஈரமாக இருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"ரத்தத்துல கிருமியாம். மாத்திரையில சரியாயிடுமாம்."

டீச்சர் வேலை பார்ப்பவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. என் கண்ணைப் பார்க்காமல் டிபன் கேரியரைத் திறந்தாள். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. மறுநாள் காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் கட்டில் கால்மாட்டில் தொங்கிய கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். டாக்டரின் கிறுக்கலில் மற்றதெல்லாம் புரியவில்லை. லுக்கேமியா என்ற ஒரு வார்த்தை புரிந்தது. கம்பெனியில் யாரோ ஒருவரின் குழந்தை அது வந்து இறந்துபோனது எனக்குத் தெரியும். ரத்தப் புற்றுநோய்.

சாயங்காலம் ஸ்டெல்லா வந்ததும் அந்த வார்த்தையைச் சொன்னேன். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"டாக்டரம்மா உங்ககிட்டயே சொல்றேன்னுதான் சொன்னாங்க. நான்தான் வேணாம்னு கேட்டுக்கிட்டேன்."

"எத்தனை நாள்னாங்க?"

"நாள் இல்லீங்க. வருஷம். மெதுவா போற வகையாம். மாத்திரைக்குக் கட்டுப்படுமாம். மூணு வருஷம், நாலு வருஷம்... சில பேருக்கு மேலயும்."

"நீ எவ்வளவு காலத்துக்குத் தனியா வச்சுக்கலாம்னு இருந்தே?"

"லீனா பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்கும்" என்றாள். அப்போது ஆனி மாதம். பரீட்சைக்கு ஒன்பது மாதம் இருந்தது.

நான் அழவில்லை. பயம் வேறு ரூபத்தில் வந்தது. யாராவது அடுத்த வருஷம் என்று பேச்சை எடுத்தால் காது அடைத்துக்கொள்ளும். பக்கத்துக் கட்டிலில் பாலக்கரையிலிருந்து வந்த ஜமால் பாய் என்பவர் இருந்தார், இதய நோயாளி. அது நோன்பு மாதம். டாக்டர் அவரை நோன்பு வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதில் மனிதருக்கு வெட்கம். பகலில் சாப்பிடும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். சாயங்காலம் அவர் மகன் தூக்கில் கொண்டுவரும் நோன்புக் கஞ்சியில் முதல் டம்ளர் எனக்குத்தான் வரும். "நெறைய வேணாம் அந்தோணி. கொஞ்சம் கொஞ்சமா ஊதிக் குடிங்க. வயித்துல இடம் பிடிக்காது" என்பார். அந்த மாதம் என் உடம்பில் ஒட்டிய சோறு பாதி அந்தக் கஞ்சிதான்.

மாத்திரை வேலை செய்தது. வாரம் இரண்டு தடவை விரலில் குத்தி எண்ணினார்கள். மூன்று லட்சம் இரண்டரையானது, ஒன்றே முக்காலானது. வயிற்றில் டாக்டர் போட்ட கோட்டுக்கு மேலே ஒரு கோடு, அதற்கும் மேலே ஒரு கோடு. மண்ணீரல் பின்வாங்கிக்கொண்டிருந்தது.

கம்பெனியிலிருந்து நிறையப் பேர் வந்து பார்த்தார்கள். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் மேஜையில் குவிந்தன. வராதவர் ஒருவர்தான்: எங்கள் எலக்ட்ரிகல் ஃபோர்மேன் சௌந்தரராஜன். ஸ்ரீரங்கத்துக்காரர். பதினான்கு வருஷமாக எனக்கு மேலதிகாரி. அதற்கும் மேல் சிநேகிதர். சர்ச்சில் லீனாவின் முதல் நன்மை விழாவுக்கு வந்து, சாப்பிடாமல் வாழைப்பழம் மட்டும் எடுத்துக்கொண்டு, அவளுக்குப் பேனா கொடுத்துவிட்டுப் போனவர். அவர் வராதது நோயைவிட உறுத்தியது. பிறகு ஒரு நாள் நர்ஸ் சொன்னார்: "நாமம் போட்ட ஒரு பெரியவர் நேத்து வார்டு வாசல் வரைக்கும் வந்தாருங்க. உங்க பேரைச் சொல்லிக் கேட்டாரு. நீங்க தூங்கிட்டிருக்கீங்க, எழுப்பவான்னேன். வேணாம்னு போயிட்டாரு."

பதினேழாம் நாள் பாக்கியம் வந்தாள். மாணிக்கத்தின் மனைவி. மாணிக்கம் கரண்ட் ரூமில் எனக்கு மாற்று ஷிப்ட் பார்த்தவன். நான் எழுந்தால் அதே நாற்காலியில் அவன் உட்காருவான். மூன்று வருஷத்துக்கு முன் இறந்துபோனான். காமாலை முற்றிவிட்டது என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

பாக்கியம் ஸ்டூலில் உட்காரவில்லை. என் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, உங்களுக்கும் இடப்பக்கம்தானா?"

"ஆமா."

"அவருக்கும் இடப்பக்கம்தான். இப்படித்தான் துருத்திக்கிட்டு நின்னுச்சு. காமாலைன்னு மந்திரிச்சோம், வேர் கட்டினோம். தஞ்சாவூருக்குக் கொண்டுபோறப்ப முத்திப்போச்சு." மஞ்சள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து ஸ்டெல்லாவிடம் நீட்டினாள். "எனக்குப் படிக்கத் தெரியாது டீச்சர். காமாலைன்னுதான் எழுதியிருக்கா பாருங்க."

ஸ்டெல்லா படித்தாள். என்னிடம் கொடுத்தாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிச் சீட்டு. மடிப்பில் கிழிந்து எழுத்துப் போயிருந்தாலும், என் கேஸ் ஷீட்டில் இருந்த அதே வார்த்தை அதிலும் இருந்தது.

ஒரே அறை, ஒரே நாற்காலி, ஒரே நோய்.

அந்த அறையைப் பற்றி எனக்குத் தெரிந்ததை இங்கே சொல்ல வேண்டும். கம்பியில் மின்சாரம் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தசக்தி உண்டாகும். எந்த எலக்ட்ரீஷியனுக்கும் தெரிந்த பாடம். கண்ணுக்குத் தெரியாது, தொட்டால் சுடாது. எங்கள் மேஜை ஒட்டியிருந்த சுவருக்கு அந்தப் பக்கம் டிரான்ஸ்பார்மர். அதிலிருந்து மொத்த கரண்டையும் சுமந்துகொண்டு வரும் தடித்த செம்புப் பட்டைகள் சுவரை ஒட்டி, உட்கார்ந்திருப்பவனின் நெஞ்சு உயரத்தில் ஓடின. நடுவில் ஒரு செங்கல் கனம்தான். மேஜைமேல் டிரான்சிஸ்டர் ரேடியோ வைத்தால் பாட்டு கேட்காது. 'ங்' என்று ஒரே இரைச்சல். சுவரில் சாய்ந்தால் முதுகில் லேசாக அதிரும். அது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. கரண்ட் ரூம் தாலாட்டுது என்பான் மாணிக்கம்.

மறுநாள் டாக்டர் வசந்தாவிடம் இரண்டு சீட்டையும் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அதுவரை அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை.

"எக்ஸ்ரே மாதிரிக் கதிர் உடம்புல அதிகமா பட்டா இந்த வியாதி வரலாம். அது தெரிஞ்ச விஷயம்" என்றார். "கரண்ட் கம்பியைச் சுத்தி இருக்கிறது அந்த மாதிரி கதிர் இல்ல. உடம்பு அணுவை உடைக்கிற பலம் அதுக்கு இல்லைன்னுதான் நாங்க படிச்சிருக்கோம். ஆனா வருஷக்கணக்கா அது பக்கத்திலேயே உக்காந்திருந்தா என்ன ஆகும்னு வெளிநாட்டுல இப்பத்தான் சிலர் கேக்க ஆரம்பிச்சிருக்காங்க. பதில் வரல."

"அப்ப ரெண்டு பேருக்கு வந்திருக்கே டாக்டர்?"

"ரெண்டு பேருக்கு ஒரே வியாதி தற்செயலாவும் வரும். தற்செயல் இல்லாமலும் வரும். ரெண்டு பேரை வச்சு எதையும் சொல்ல முடியாது, அந்தோணிசாமி."

"யூனியன்ல கேப்பாங்க. கரண்டாலதான் வந்துச்சுன்னு எழுதிக் கொடுத்தீங்கன்னா..."

"எழுத மாட்டேன். எனக்குத் தெரியாததை எழுத மாட்டேன்." பேனாவைத் திறந்து, "கரண்டால வரலைன்னும் எழுத மாட்டேன். கம்பெனிக்காரங்க வந்து கேட்டாலும் இதான் பதில்" என்றார். பிறகு என் கேஸ் ஷீட்டைப் புரட்டி, எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், சுவருக்கும் நாற்காலிக்கும் எத்தனை அடி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். மாணிக்கத்தையும் எழுதினார்.

எனக்கு அவர்மேல் அன்றைக்குக் கோபம்தான். ஒரு காரணம் கையில் கிடைத்தால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம் என்றிருந்தது. நான் என்ன பாவம் செய்தேன் என்று ஜெபமாலையை உருட்டிக் கேட்பதைவிட, சுவரைக் காட்டித் திட்டுவது சுலபம்.

இருபத்தாறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரையும் மாதமொரு எண்ணிக்கையும் தொடர வேண்டும். வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம், நடக்கத் தெம்பு வந்ததும், ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். காவேரிப் பாலத்தில் பஸ் போகும்போது புதுத் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தடவைகூட வந்து பார்க்காத மனிதரிடம் என்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

சித்திரை வீதியில் அவர் வீடு. மாமி கதவைத் திறந்து, என்னைப் பார்த்ததும் வாயில் கையை வைத்தாள். "வாங்கோ வாங்கோ. இப்படியா இளைச்சுப் போவேள்? உள்ளே வாங்கோ. லீவு போட்டுட்டு ஆத்தோட இருக்கார். கோயிலுக்குப் போறதும் வர்றதும்தான். கேட்டா வாயே திறக்கறதில்லை. நீங்களாவது கேளுங்கோ."

சௌந்தரராஜன் வாசலை அடுத்த ரேழியில் ஊஞ்சலில் இருந்தார். என்னைக் கண்டு எழுந்தவர் தூணைப் பிடித்துக்கொண்டார். நான் ஒத்திகை பார்த்ததெல்லாம் போயிற்று.

"ஏன் சார் வரல?" என்று மட்டும் கேட்டேன்.

"எந்த முகத்தோட வரச் சொல்றீர்?" என்றார். "அந்த மேஜையை உள்ளே போடச் சொன்னது யாரு? அடியேன்தானே?"

எனக்கு அப்போதுதான் அந்த நாள் ஞாபகம் வந்தது. நான் சேர்ந்த முதல் சில மாதம் எங்கள் மேஜை வராந்தாவில்தான் இருந்தது. கிரஷர் ஓடினால் சுண்ணாம்புத் தூசி வந்து அப்பும். சோற்றில் தூசி, கண்ணில் தூசி. மாணிக்கத்துக்கு இருமல் நிற்கவே இல்லை. சௌந்தரராஜன்தான் மேலே எழுதிப் போட்டு, சண்டை போட்டு, அந்த உள் அறையை வாங்கிக் கொடுத்தார். மேஜையை எங்கே போடலாம் என்று சுற்றிப் பார்த்து, காற்று வரும் ஜன்னலுக்கு நேராக, அந்தச் சுவரோரம் போடச் சொன்னவரும் அவர்தான். அன்றைக்கு நாங்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டோம்.

"தூசியில செத்துக்கிட்டிருந்தோம் சார். நீங்கதானே காப்பாத்துனீங்க" என்றேன்.

"தூசிலேர்ந்து எடுத்து எதுல கொண்டுபோய்ப் போட்டேன்? மாணிக்கம் போனப்போ காமாலைன்னா, நம்பினேன். உமக்கு வந்திருக்குன்னு கேட்ட அன்னிக்கு பாக்கியம் ஆபீஸுக்கு வந்து அந்தக் காகிதத்தை என்கிட்டதான் முதல்ல காட்டினா. படிச்சுட்டு என்னால அவளண்ட சொல்ல முடியலை, அந்தோணி. உங்க டீச்சரம்மாகிட்ட காட்டுன்னு அனுப்பிட்டேன். கோழை."

அவர் அழுதார். அறுபதை நெருங்கும் மனிதர், மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல். எனக்கு நோய் என்று தெரிந்ததிலிருந்து அழாதவன் நான். அங்கேதான் அழுதேன். மாமி இரண்டு டம்ளர் காபியோடு வந்து, திரும்பிப் போய்விட்டாள்.

"டாக்டர் தெரியாதுன்னுதான் சொல்றாங்க சார். கரண்டாதான் இருக்கணும்னு இல்ல" என்றேன் கடைசியில்.

"தெரியாதுன்னா இல்லேன்னு ஆயிடுமா?"

"ஆகாதுதான்." எனக்கு வேறு ஒன்று தோன்றியது. "இப்ப அந்த நாற்காலியில யாரு சார் இருக்கா?"

"பெரியசாமி."

பெரியசாமிக்கு மூன்று குழந்தைகள்.

சௌந்தரராஜன் மறுநாளே வேலைக்குப் போனார். மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். நகலை என்னிடம் காட்டினார்: 'இந்த அறையில் பணியாற்றிய இருவருக்கு ஒரே நோய் வந்துள்ளது. காரணம் எனக்குத் தெரியாது. தெரியும்வரை பணியாளரை இந்தச் சுவரருகே உட்காரவைப்பது சரியல்ல என்று கருதுகிறேன்.' அவ்வளவுதான். கீழே கையெழுத்து.

மேலாளர் அவரைக் கூப்பிட்டுக் கடிதத்தைத் திருப்பி நீட்டினாராம். "இதை நான் வாங்கிக்கிட்டா கம்பெனியே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். ஆளுங்க பயப்படுவாங்க. ரிட்டயர்மென்டுக்கு மேல ரெண்டு வருஷ நீட்டிப்பு கேட்டிருக்கீங்க. யோசிச்சுக்குங்க."

அவர் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. நீட்டிப்பு வரவில்லை, ஃபோர்மேன் நாற்காலியும் போனது. மிச்சமிருந்த ஏழு மாதத்துக்கு ஸ்டோருக்கு மாற்றினார்கள். போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தார். பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாளில், பெரியசாமியையும் கேபிள் ஆட்கள் நாலு பேரையும் வைத்துக்கொண்டு, மேஜையையும் டெலிபோனையும் ஸ்விட்ச் விழுந்தால் அடிக்கும் மணியையும் கழற்றி, எதிரே சும்மாக் கிடந்த வாட்ச்மேன் அறைக்குக் கொண்டுபோய்ப் போட்டார். மீட்டர் எழுத மட்டும் மணிக்கு ஒரு தடவை கரண்ட் ரூமுக்குப் போய் வந்தால் போதும். போடு என்று யாரும் சொல்லவில்லை. போட்ட பிறகு எடு என்றும் யாரும் சொல்லவில்லை.

எனக்குக் கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். பெரியசாமி என்னைக் கண்டால் முணுமுணுப்பான். "மழை பெஞ்சா நனைஞ்சுக்கிட்டே ஓட வேண்டியிருக்குண்ணே. அங்கயே இருந்திருக்கலாம்." அவன் நனைந்துவிட்டுத் திட்டுவது என் காதுக்கு நன்றாகவே இருந்தது.

ஒரு விஷயம் பாக்கி இருந்தது. மேஜை உள்ளே வந்த பிறகு எட்டு ஒன்பது வருஷம் சௌந்தரராஜனும் தினம் பாதி நாள் அதே சுவரோரம் உட்கார்ந்தவர்தான். மாமிக்கு அந்தப் பயம். ரத்தம் பார்த்துக்கொள்ளச் சொன்னால் அவர் கேட்கவில்லை. "வந்திருந்தா வந்திருக்கட்டும். நியாயம்தானே" என்றாராம். மாமி ஸ்டெல்லாவிடம் வந்து சொன்னாள். அடுத்த எண்ணிக்கைக்குப் போகும் நாள், தலை சுற்றுகிறது, தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, துணைக்கு வாருங்கள் என்று அவருக்கு ஆள் அனுப்பினேன். தலை சுற்றவில்லை. வாழ்க்கையில் அவரிடம் சொன்ன முதல் பொய் அது.

புத்தூர் லேபில் எனக்கு ரத்தம் எடுத்ததும், "இவருக்கும் எடுங்க" என்றேன். சௌந்தரராஜன் என்னைப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சட்டைக் கையை மெதுவாகச் சுருட்டி, கையை நீட்டினார்.

வெளியே பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவர் வாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. என் பையில் ஜெபமாலை இருந்தது. எடுக்கவில்லை, கைபட வைத்திருந்தேன்.

இரண்டு சீட்டும் வந்தன. எனக்குப் பன்னிரண்டாயிரம், மருந்தின் புண்ணியம். அவருக்கு ஏழாயிரம். எல்லாம் ஒழுங்கு.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த எண்ணைப் பார்த்த கணத்தில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. நெஞ்சைக் கிழிக்கிற பொறாமை. அதே சுவர், அதே நாற்காலி, இவருக்கு மட்டும் ஏன் இல்லை? பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். அதே கேள்விதான் அந்த முகத்திலும் இருந்தது.

"எனக்கு ஒண்ணுமே இல்லையே, அந்தோணி" என்றார். குற்றம் சாட்டப்பட்டவர் கெஞ்சுகிற குரல்.

அப்போதுதான் பொறாமை விலகியது. அவர் தோளில் கைவைத்தேன். ஃபோர்மேன் தோளில் நான் கைவைத்தது அதுதான் முதல் தடவை.

டாக்டர் வசந்தாவிடம் இரண்டு சீட்டையும் கொடுத்தோம். அவர் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் விலாவுக்குள் போய்விட்டது என்றார். பிறகு என் கேஸ் ஷீட்டில் சௌந்தரராஜன் உட்கார்ந்த வருஷக் கணக்கைக் கேட்டு எழுத ஆரம்பித்தார்.

"என்னை எதுக்கு எழுதறேள் டாக்டர்? எனக்குத்தான் வியாதி இல்லையே" என்றார் சௌந்தரராஜன்.

"இல்லாதவங்களையும் எழுதி வச்சாதான் சார் என்னைக்காவது ஒருநாள் உண்மை தெரியும்" என்றார் டாக்டர், எழுதுவதை நிறுத்தாமல்.

கரண்டால்தான் எனக்கு இந்த நோய் வந்தது என்று யூனியன்காரர்கள் இன்றைக்கும் மேடையில் சொல்கிறார்கள். இதை எழுதும் எண்பத்து நாலிலும் எனக்குத் தெரியாது. மாணிக்கத்துக்கு ஏன் வந்தது என்று பாக்கியத்துக்கு என்ன பதில் சொல்வது என்றும் தெரியாது. மாத்திரை இன்னும் கேட்கிறது. ஒருநாள் கேட்காமல் போகும் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். லீனா பரீட்சையில் தேறி, இப்போது பிளஸ் டூ படிக்கிறாள்.

இரண்டு பேரும் ரத்தம் பார்த்த அன்றைக்குப் புத்தூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். ஸ்ரீரங்கம் பஸ் கிளம்பத் தயாராக இருந்தது.

"சீக்கிரம் போங்க சார். மாமி வாசல்லயே நின்னுக்கிட்டிருப்பாங்க" என்றேன்.

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் உறுமத் தொடங்கியதும் கம்பிக்கு வெளியே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. அவர் விடவில்லை, நானும் கூடவே பத்தடி நடந்தேன்.